புயல் நேரத்தில் மாடி சோலார் கைகொடுக்குமா?

கேள்வி, 14 அக்டோபர் 2024

எங்கள் வீடு திருத்துறைப்பூண்டி பக்கம். 2018 கஜா புயலில் 17 நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். இப்போது மத்திய அரசின் மாடி சோலார் திட்டமான பிஎம் சூர்ய கரில் 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்கிறார்கள். வீட்டைப் பார்க்க வந்த சோலார் ஏஜென்ட், "இனிமே புயலே அடிச்சாலும் உங்க வீட்டு ஃபேன் நிக்காது சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நம்பலாமா? கடன் வாங்கிப் போடலாமா?

பதில், 14 அக்டோபர், இரவு 10.40

ஃபேன் நிற்கும். இபி லைன் நின்ற அடுத்த நொடி அவர் மாட்டித் தருவதும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் சரி.

வழக்கமாக அந்தத் திட்டத்தில் மாட்டுவது பேட்டரி இல்லாத, லைனோடு சேர்ந்து ஓடுகிற அமைப்பு. பகலில் வீடு தின்றது போக மிச்சத்தை லைனுக்குத் தள்ளும். கரண்ட் பில்லைக் குறைக்க நல்ல ஏற்பாடுதான். புயலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

15 அக்டோபர், காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் பாதியில் விட்டேன். ஏன் நிற்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். "வெயில் இருக்கு, பேனல் இருக்கு, அப்புறம் என்ன கேடு?" என்று ஒருவர் கோபப்படவே செய்திருக்கிறார்.

அந்த இன்வர்ட்டர் லைனில் வரும் வோல்ட்டேஜைப் பார்த்து, அதன் தாளத்தோடு ஒத்துத்தான் ஓடும். லைன் செத்தால் தானும் விலகிக்கொள்ள வேண்டும் என்பது அதற்கு விதி. விலகாவிட்டால் உங்கள் மாடிக் கரண்ட் கம்பி வழியாகத் திரும்பி டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். இந்தப் பக்கம் 230 வோல்ட் ஏறினால் அந்தப் பக்கம் 11,000 வோல்ட். அங்கே போஸ்டில் ஒரு லைன்மேன், லைன் செத்துக் கிடக்கிறது என்ற நம்பிக்கையில் கையை வைத்திருப்பார். கஜாவுக்குப் பிறகு எங்கள் பக்கம் வெளி மாவட்டத்து ஆட்களும், கேரளத்து மின்வாரிய ஆட்களும் முழங்கால் சேற்றில் நின்று போஸ்ட் நட்டார்கள். நம் வீட்டு ஃபேன் ஓட அவர்கள் உயிர் போக வேண்டாம்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீடு முழுக்க எரிய வைக்கிற மேதைகளை நான் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள்.

15 அக்டோபர், மாலை

"உங்களுக்கு என்ன அனுபவம்?" என்று கேட்டவருக்கு.

பேராவூரணிப் பக்கத்துக் கிராமம். 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கஜா கரையேறியது. விடிந்து கதவைத் திறந்தால் தெருவைக் காணோம், தென்னை மட்டைதான் இருந்தது. கரண்ட் திரும்ப வந்தது 23ஆவது நாள். வீட்டில் 2012ஆம் வருட மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வர்ட்டர் இருந்தது. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த வருடம் மறக்காது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் வெட்டு. அதற்காக வாங்கிய இன்வர்ட்டர் கஜாவில் ஒரே ராத்திரிதான் தாங்கியது. மறுநாள் சாயங்காலம் பீப் பீப் என்று கத்திவிட்டு அடங்கியது. சார்ஜ் ஏற்ற வழியில்லாத இன்வர்ட்டர், ஆறு அடுக்கு டிபன் கேரியரில் ஒரு வேளைச் சோறு மாதிரி.

17 அக்டோபர்

லைனோடு ஒட்டாமல் தனியாக ஒரு பேட்டரி வைத்தால் எவ்வளவு நேரம் ஓடும் என்று கணக்கு போடலாம். இருப்பது 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி ஒன்று. 150 ஏஹெச்சை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். ஒரு ஃபேன் 75 வாட், எல்இடி பல்பு இரண்டு சேர்த்து 18 வாட், ஆக 93 என்று வையுங்கள். 19 மணி நேரம் ஓடும். பகலில் இரண்டு பேனல் அதை நிரப்பிவிடும். முடிந்தது.

18 அக்டோபர்

முடியவில்லை. கும்பகோணத்துக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "19 மணி நேரமா? எங்க வீட்டுல அதே பேட்டரி எட்டாவது மணி நேரத்துல கத்துதே?"

அவர் சொல்வதுதான் சரி, நான் நேற்று போட்டது பள்ளிக்கூடக் கணக்கு. பேட்டரி மேல் எழுதியிருக்கும் 150 என்பது, 20 மணி நேரம் மெல்ல மெல்ல உறிஞ்சி, ஒரு சொட்டு விடாமல் காலி செய்தால் கிடைப்பது. தினமும் அப்படிக் காலி செய்தால் ஈய பேட்டரி சீக்கிரம் போய்விடும். பாதியோடு நிறுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது. ஆக 900 வாட்-மணி. 12 வோல்ட்டை 230 ஆக்கும் வேலைக்கு இன்வர்ட்டர் தன் கூலியை எடுத்துக்கொள்ளும். கைக்கு வருவது 750 என்று வையுங்கள். 93 வாட்டுக்கு எட்டு மணி நேரம். கும்பகோணத்தார் பேட்டரி ஒழுங்காகத்தான் இருக்கிறது, தண்ணீர் மட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. 75 வாட் ஃபேனைக் கழற்றிவிட்டு 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால் அதே பேட்டரி 15 மணி நேரம் வரும். எனக்கு ஃபேனுக்கு ஆனது 3,000 ரூபாய். இன்னொரு பேட்டரிக்குக் கடைக்காரர் கேட்டது 15,000. புயல் அடிப்பது கார்த்திகைக் குளிரில்தானே, ஃபேன் எதற்கு என்பவர்களுக்கு: கொசுவுக்கு. வெள்ளம் வடிந்த பத்தாம் நாள் வந்து பாருங்கள்.

22 அக்டோபர்

வீட்டுக் கணக்கு எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, நான் இன்னும் தெருக் கணக்கு போடவே இல்லை.

எங்கள் தெருக் கடைசியில் அத்தை ஒருத்தருக்கு அரசாங்கப் பசுமை வீடு. 2011இல் ஆரம்பித்த திட்டம், 300 சதுர அடி வீடும் சூரிய விளக்குகளும் சேர்த்துக் கொடுத்தது. கஜாவுக்கு மறுநாள் ராத்திரி எங்கள் தெருவில் விளக்கு எரிந்த ஒரே வீடு அதுதான். அவர் பேட்டரிக்கும் வயசாகி, ஐந்து விளக்கில் இரண்டுதான் எரிந்தன. அந்த இரண்டின் கீழே அன்றைக்கு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். கல்வீடு வைத்திருந்த நாங்கள் எல்லாம் அங்கே போய் உட்கார்ந்து அவர் போட்ட வரக்காப்பி குடித்தோம். நான் சோலார் போட முடிவெடுத்தது அந்தத் திண்ணையில்தான். யூடியூபில் இல்லை.

இப்போது யோசியுங்கள். புயலுக்கு மூன்றாம் நாள் உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இருந்தால் என்ன ஆகும்? ஆள் ஆளுக்கு போனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இல்லை என்று சொல்ல முடியுமா? சொல்லக் கூடாது, அது வேறு. ஒரு போனை முழுசாக ஏற்ற, வீணாவதும் சேர்த்து, இருபது இருபத்தைந்து வாட்-மணி. முப்பது போன் என்றால் 750 வாட்-மணி வரை இழுத்துவிடும். மேலே நான் போட்ட வீட்டுக் கணக்கு மொத்தமும் அதோடு காலி.

வேடிக்கை என்னவென்றால், கஜாவில் போன் ஏற்றி என்ன பயன்? டவரே செத்துக் கிடந்தது. எல்லோரும் சார்ஜ் ஏற்றியது போனில் இருக்கும் டார்ச்சுக்காக.

23 அக்டோபர்

"போன் சார்ஜுக்குக் காசு வாங்கலாமே" என்று எழுதியவருக்கு: கஜாவில் ஜெனரேட்டர் வைத்து வாங்கினார்கள். டீசலுக்கு ஆகும், குற்றம் சொல்லவில்லை. வெயிலுக்குக் காசு வாங்க எனக்கு வாய் வராது.

29 அக்டோபர்

தீபாவளிக்கு முறுக்கு பிழியும் சந்தடியில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லைட்டும் ஃபேனும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இருட்டில் 23 நாள் இருக்கலாம், இருந்தோம். தண்ணீர் இல்லாமல் ஒரு நாள்கூட முடியாது. எங்கள் வீட்டு போர்வெல்லில் 1 எச்பி சப்மெர்சிபிள் மோட்டார். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்ப அரை மணி நேரம் ஓடும். செலவு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். யூனிட் கணக்கில் பார்த்தால் பேட்டரிக்குள் அடங்கிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் ஓடும்போது அது 1,100 வாட் கேட்கிறது. கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப் போல மூன்று மடங்கு, சில நேரம் அதற்கும் மேல் இழுக்கும். 850 விஏ இன்வர்ட்டர் அந்த இடத்திலேயே கையை விரித்துவிடும். நான் ஆசைக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். கிர்ர் என்றது, சிவப்பு விளக்கு எரிந்தது, மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கஜாவின்போது ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஏற்றினார்கள். மற்ற நேரத்துக்கு எங்கள் தெருவைக் காப்பாற்றியது, நாங்கள் பத்து வருடமாகத் திரும்பியே பார்க்காத அடிபம்பு. வாஷர் மாற்றி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அடித்ததும் வந்துவிட்டது. அதனால் சோலார் வாங்கக் காசு சேர்ப்பவர்கள் முதலில் தெரு அடிபம்பு வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டி, அண்டா, குடம், சின்டெக்ஸ் எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள். காசில்லாத சேமிப்பு.

3 நவம்பர்

ஃபிரிட்ஜ் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். பாலும் தயிரும் கெட்டால் கெடட்டும். மருந்துதான் கவலை. என் மாமியாருக்கு இன்சுலின். கஜாவில் அதுதான் வீட்டில் பெரிய பீதி. டாக்டரைப் பிடித்துக் கேட்டபோது, பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும் பாட்டில் வெயில் படாமல், அதிகச் சூடில்லாத இடத்தில் வெளியில் நாலு வாரம் வரை தாங்கும் என்றார். பிரிக்காததைத்தான் குளிரில் வைக்க வேண்டும். உங்கள் மருந்து எந்த வகை என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டுவையுங்கள், புயலன்று கேட்க போன் வேலை செய்யாது. நாங்கள் பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டு, மேலே ஈரத்துணி மூடி, அதற்குள் பிரிக்காத பாட்டிலை வைத்தோம். மழை ஈரத்தில் அது பெரிதாகக் குளிரவில்லை, வெயில் திரும்பிய பிறகு குளிர்ந்தது. மொத்தத்தில் மனதுக்கு ஆறுதல்.

வீட்டில் அப்பா ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் இருக்கிறார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தம்பி, இதில் விளையாட வேண்டாம். அந்த மெஷின் 350 வாட் வாக்கில் இழுக்கும், ராப்பகலாக ஓடினால் எட்டு யூனிட்டுக்கு மேல். நாங்கள் பேசும் சின்ன சோலார் அதன் பக்கத்திலேயே வர முடியாது. வீட்டில் நிரப்பிய சிலிண்டர் ஒன்று நிற்கட்டும். எச்சரிக்கை வந்த அன்றே அப்பாவை ஜெனரேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

9 நவம்பர்

நான் ஏமாந்த கதையைச் சொல்லாமல் இருந்தேன். சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

2019இல் 330 வாட் பேனல் இரண்டும், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உட்காரும் சார்ஜ் கண்ட்ரோலர் ஒன்றும் வாங்கினேன். 660 வாட் என்று ஊரெல்லாம் பெருமை. இரண்டு வருடம் கழித்து எலக்ட்ரிக்கல் படிக்கும் அண்ணன் மகன் மீட்டரோடு மாடி ஏறினான். நல்ல வெயிலில் பேட்டரிக்குள் போனது 230 வாட்டுதான். "சித்தப்பா, மிச்சம் 430 எங்க?" என்றான். எங்கேயும் போகவில்லை, வரவே இல்லை.

காரணம் இதுதான். என் பேனல் 37 வோல்ட்டில் நன்றாக வேலை செய்யும். பேட்டரி 12 வோல்ட். நடுவில் இருந்த மலிவான பிடபிள்யூஎம் கண்ட்ரோலர் பேனலை அப்படியே பேட்டரி வோல்ட்டேஜுக்கு இழுத்துக் கட்டிவிடும். ஆம்பியர் அதேதான், வோல்ட் 37க்குப் பதில் 13. மூன்றில் இரண்டு பங்கு போயே போச்சு. எம்பிபிடி வகை போட்டால் அந்த வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். விலை மூன்று மடங்கு, அதனால் கடையில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. தினம் பாதிப் பேட்டரி நிரம்ப 230 வாட்டே போதுமானதாக இருந்ததால் குறை தெரியவே இல்லை. நல்ல நாளில் எதுவும் தெரியாது.

பிறகு எம்பிபிடி, கூட ஒரு பேட்டரி, 24 வோல்ட் இன்வர்ட்டர் என்று மாற்றினேன். ஒற்றை 12 வோல்ட் பேட்டரியில் 660 வாட்டையும் ஏற்றினால் 50 ஆம்பியர் பாயும், 150 ஏஹெச் பேட்டரிக்கு அது அதிகம். எல்லாம் ஒன்றோடு ஒன்று கட்டிய சங்கிலி. ஒரு கண்ணியை மாற்றினால் அடுத்ததையும் மாற்ற வேண்டும்.

10 நவம்பர்

லித்தியம் வாங்கலாமா என்பவருக்கு: காசிருந்தால் வாங்குங்கள். லித்தியம் அயன் பாஸ்பேட் வகையில் எண்பது சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், எடை குறைவு. எனக்கு ஈய பேட்டரியே போதும். கெட்டால் பட்டுக்கோட்டையில் எந்தக் கடையிலும் பழையதை எடுத்துக்கொண்டு புதிது தருவார்கள்.

16 நவம்பர்

இன்றோடு ஆறு வருடம்.

கஜாவுக்கு முன்னால் எங்கள் மாடியில் காலை பத்து மணிக்கு மேல்தான் வெயில் விழும். கிழக்கே எங்கள் தென்னை, மேற்கே பெரியப்பா வீட்டு மா. கொல்லையில் மட்டும் 46 தென்னை சாய்ந்தது. 2019 தை மாதம் பேனல் மாட்ட வந்தவர் மாடியில் ஏறி நாலு திசையும் பார்த்துவிட்டு, "அருமையான இடம் சார், சுத்தமா நிழலே இல்ல" என்றார். பக்கத்தில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப் போய்விட்டார்.

அதே வருடம் வைத்த தென்னம்பிள்ளைகள் இப்போது கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டன. மூன்றரை மணிக்கு மேல் ஒரு மட்டையின் நிழல் இடது பேனலின் குறுக்கே விழுகிறது. நாலு விரல் அகல நிழல்தானே என்று நினைக்காதீர்கள். பேனலுக்குள் செல்கள் மூன்று வரிசைக் கூட்டமாகத் தொடுத்திருக்கும். ஒரு கூட்டத்தில் இரண்டு செல் நிழலில் மாட்டினாலும் அந்தக் கூட்டமே ஒதுங்கிக்கொள்ளும், மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அண்ணன் மகன், "அந்த மட்டைய மட்டும் கழிச்சு விட்டுரலாம் சித்தப்பா" என்கிறான். கழிக்கலாம்தான். ஆறு வருடம் கழித்து விழுகிற நிழல் அது. அம்மா மூன்றரைக்கு மேல் அங்கேதான் நாற்காலி போட்டு உட்காருகிறார்.

27 நவம்பர், இரவு

நேற்றிலிருந்து விடாத மழை. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நகராமல் நின்றுகொண்டிருக்கிறது, வேதாரண்யம் பக்கம் இன்னும் கொட்டுகிறது என்றார்கள். உங்களுக்காக மீட்டரைக் குறித்து வைத்தேன். வெயில் நாளில் என் இரண்டு பேனலும் சேர்ந்து இரண்டரை யூனிட் தரும். நேற்று 0.4. இன்று 0.3.

ஆக, புயல் நாளில் சோலார் உதவாது என்பவர்கள் சொல்வது உண்மை. புயலன்றைக்கும் மறுநாளைக்கும் உங்கள் கையில் இருப்பது முன்பே நிரப்பிவைத்த பேட்டரி மட்டும்தான். ஆனால் கஜாவில் இருட்டு 23 நாள். மூன்றாம் நாளே வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. மிச்ச இருபது நாளுக்குத்தான் பேனல்.

28 நவம்பர்

பேனலைப் புயலுக்கு முன் கழற்ற வேண்டுமா என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். என்னுடையது இரண்டுதான், ஒவ்வொன்றும் இருபத்திரண்டு கிலோ. போன மாதம் நானும் மகனும் ஒத்திகை பார்த்தோம், 50 நிமிடம். அதில் இருபது நிமிடம் 13ஆம் நம்பர் ஸ்பானரைத் தேடியது. கழற்றும்போது மேலே போர்வை போட்டு மூடிக்கொள்ளுங்கள், வெளிச்சம் படும் நேரமெல்லாம் பேனலில் கரண்ட் இருக்கும், அதற்கு சுவிட்ச் கிடையாது. கண்ணாடி உடைந்த பேனலை ஈரக்கையால் தொடவே வேண்டாம்.

3 கிலோவாட் என்றால் ஆறேழு பெரிய பேனல். கழற்றுவது வீட்டு ஆட்களால் ஆகாது. பொருத்தும்போதே ஸ்டாண்டின் கால்களைக் கான்கிரீட்டில் ஆழமாகப் பிடிக்கச் சொல்லி, கிளாம்ப்பைப் பக்கத்தில் நின்று எண்ணிப் பாருங்கள். கஜாவில் தகரக் கொட்டகைகள் பறந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

4 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் எங்களை விட்டுவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் போய் இறங்கியது. விழுப்புரத்தில் மச்சான் வீடு. காற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. தென்பெண்ணையில் வெள்ளம் வந்து வீட்டுக்குள் இரண்டடி. அவருடைய இன்வர்ட்டரும் பேட்டரியும் மாடிப்படிக்குக் கீழே தரையில். முழுக்கு.

எத்தனை நாளாக வாட், வோல்ட், ஆம்பியர் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், பேட்டரியைத் தரையில் வைக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. எங்கள் வீட்டிலும் தரையில்தான் இருந்தது. நேற்று கடப்பாக் கல் மேடை கட்ட ஆள் சொல்லிவிட்டேன். மூன்றடி.

7 டிசம்பர்

முதலில் கேட்ட திருத்துறைப்பூண்டிக்காரர் பாவம், இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார். முதல் நாள் நான் கொஞ்சம் வெட்டிப் பேசிவிட்டேன். 3 கிலோவாட் வேண்டாம் என்பது என் கருத்தல்ல. இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் வருகிறது என்று அட்டையைப் பாருங்கள். முதல் நூறு யூனிட் எப்படியும் இலவசம். இருநூறுக்குள் அடங்கும் வீட்டுக்குக் கடன் வாங்கிப் போட்டால் மிச்சம் பெரிதாக வராது. அறுநூறு எழுநூறு போகிறது, ஏசி ஓடுகிறது என்றால் தாராளமாகப் போடுங்கள்.

ஆனால் அதைப் புயல் கணக்கில் எழுதாதீர்கள். புயலுக்குத் தனியாக, லைனோடு ஒட்டாமல், இரண்டு பேனல், ஒரு பேட்டரி. பழைய இன்வர்ட்டர் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாக்கும் ஹைப்ரிட் வகையும் இருக்கிறது, லைன் போனாலும் வீட்டின் ஒரு பகுதிக்கு மட்டும் கொடுக்கும். வாங்கினால் விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மெயினை இறக்கிவிட்டு என் கண் முன்னால் எரிய வைத்துக் காட்டுங்கள். காட்டிய பிறகு பாக்கிப் பணம்.

11 பிப்ரவரி 2025

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நேற்று முன்தினம் ஞாயிறு பகலில் இலங்கை முழுக்க மின்சாரம் போய்விட்டது. பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததால் என்று அமைச்சரே சொன்னார். நல்ல வெயில், அவர் கூரையில் பேனல், வீட்டில் மின்சாரம் இல்லை. மேலே சொன்ன அதே காரணம். ஆனால் 2022இல் 13 மணி நேர மின்வெட்டு நடந்தபோது வாங்கிய பேட்டரி ஒன்று தனியாக இருந்ததால் அன்றைக்கு மின்விசிறி ஓடியதாம்.

குரங்குக்கு என்ன முன்னேற்பாடு என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.

29 ஏப்ரல்

நேற்று ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் நடுப்பகலில் மொத்தமாக அணைந்துவிட்டன. அங்கேயும் கூரையில் பேனல் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்தவர்கள் நிறைய. புயலடிச்சாலும் ஃபேன் நிக்காது என்ற அந்த ஏஜென்ட் அங்கேயும் போயிருப்பார் போல.

11 மே

திருத்துறைப்பூண்டிக்காரர் எழுதினார். மானியத்தில் 2 கிலோவாட்டோடு நிறுத்திக்கொண்டு, மிச்சக் காசில் பழைய இன்வர்ட்டருக்குத் தனியாக இரண்டு பேனலும் எம்பிபிடியும் போட்டுவிட்டாராம். மெயினை இறக்கிப் பார்த்தாராம், எரிந்ததாம். மோட்டாரைப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "உங்க வீட்டுக்காரம்மா பாத்த பார்வைய எழுதியிருந்தீங்களே, அதோட விட்டுட்டேன்" என்றார்.

இடது பேனலை நாலடி கிழக்கே தள்ளி மாட்டிவிட்டேன். இப்போது நாலரை மணிக்குத்தான் நிழல் தொடுகிறது.

அப்புறம், திண்ணைச் சுவரில் இன்வர்ட்டர் லைனில் இருந்து எட்டு பிளக் பாயின்ட் இழுத்திருக்கிறேன். வேலை செய்த எலக்ட்ரீஷியன், "என்ன சார், செல்போன் கடை போடுறீங்களா?" என்றார். பசுமை வீட்டு அத்தை அந்தப் பக்கமாகப் போனவர் நின்று பார்த்துவிட்டு, எட்டு பத்தாது, இன்னும் நாலு போடு என்று சொல்லிவிட்டுப் போனார்.